கொலு பொம்மை விற்கும் எங்கள் வெப்சைட்டில் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி: இரண்டு நவராத்திரி பார்த்தபின் எழுதுகிறேன்

நான் விளாச்சேரிக்கு வாக்கப்பட்டு வந்து பதினொரு வருடம் ஆகிறது. மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் பக்கம் இருக்கும் ஊர். எங்கள் தெருவில் வாசலில் காயும் பொம்மைகளை ஒதுங்கித்தான் நடக்க வேண்டும். மாமனாருக்கு மண் பொம்மை, கொழுந்தனாருக்குக் காகிதக்கூழ் பொம்மை. ஆவணி, புரட்டாசியில் கொலு செட்டுகள், கார்த்திகைக்கு விளக்கு, அப்புறம் கிறிஸ்துமஸ் குடில் செட். இப்படித்தான் எங்கள் வருடம் ஓடுகிறது. நான் மேலூர்க்காரி, பி.காம். படித்தவள். எனக்குக் களிமண் பிசைய வராது. வெப்சைட்டும் கணக்கும் என் பொறுப்பு.

வெப்சைட்டை 2022இல் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 2023 நவராத்திரிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 4,100 பேர் வந்து பார்த்தார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸ் சொன்னது. ஆர்டர் வந்தது 23. அதாவது ஆயிரம் பேர் எட்டிப் பார்த்தால் ஐந்தாறு பேர் வாங்கினார்கள். இந்தக் கணக்கைத்தான் கன்வர்ஷன் ரேட் என்கிறார்கள். தெருவில் கடை போட்டிருந்தால் இது தாங்குமா? ஆயிரம் பேர் உள்ளே வந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு பேர் வெறுங்கையோடு போனால், மாமா கடையைச் சாத்திவிட்டு என்ன கோளாறு என்று பார்த்திருப்பார்.

விளம்பரம் செய்து தருகிறோம் என்று வந்த இன்னொருவர், "இன்னும் ஆளைக் கொண்டு வரணும் மேடம்" என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கினார். ஆள் வந்தது, ஆர்டர் வரவில்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆகிவிட்டது. ஓட்டை எங்கே என்று தேடும்போதுதான், வெப்சைட்டுக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் கிளாரிட்டியைப் பற்றித் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு சீசன் பார்த்துவிட்டேன். என்னைப் போல வீட்டிலிருந்து ஒரு சிறு வெப்சைட்டை வைத்துப் பிழைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கிளாரிட்டி மைக்ரோசாஃப்ட்டின் கருவி. 2020 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். முழுக்க இலவசம், எத்தனை பேர் வந்தாலும் காசு கேட்பதில்லை. கணக்கு தொடங்கினால் ஒரு சிறு நிரல் (code) தருவார்கள், அதை வெப்சைட்டில் ஒட்ட வேண்டும். எங்களுடையது வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த வெப்சைட் என்பதால், கூடுதல் வசதி சேர்க்கும் பிளக்இன் போட்டே முடித்துவிட்டேன். பத்து நிமிட வேலை. இதற்கு ஆள் வைத்துக் காசு கொடுக்க வேண்டாம்.

அது இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, ஹீட்மேப். ஒரு பக்கத்தில் எல்லோரும் எங்கே தொட்டார்கள், எவ்வளவு தூரம் கீழே இறங்கினார்கள் என்பதை நிறமாகக் காட்டும். அதிகம் தொட்ட இடம் சிவப்பு, குறைவாகத் தொட்ட இடம் நீலம். இன்னொன்று, ரெக்கார்டிங். வந்தவர் விரலை எங்கே வைத்தார், எங்கே நின்றார், எங்கே திரும்பிப் போனார் என்பதைப் படம் ஓடுவது போலப் பார்க்கலாம்.

முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் நடமாட்டத்தை ஒளிந்திருந்து பார்ப்பது போல. பிறகு பார்த்தால், அவர்கள் தட்டச்சு செய்யும் பெயர், முகவரி, போன் நம்பர் எதுவும் எனக்குத் தெரியாது. அதை ஆரம்பத்திலேயே மறைத்துவிடுகிறார்கள், புள்ளிகளாகத்தான் தெரியும். ஆள் யார் என்று தெரியாது, விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் தெரியும். இருந்தாலும், பார்வையாளர் நடமாட்டம் இப்படிப் பதிவாகிறது என்று எங்கள் தனியுரிமைப் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன். நீங்கள் போட்டாலும் அதைச் செய்யுங்கள். நம்பி வருபவர்களிடம் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

முதல் வாரம் பிள்ளைகள் தூங்கிய பிறகு ராத்திரி உட்கார்ந்து நாற்பது ரெக்கார்டிங் பார்த்தேன். அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டது, அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாதது.

முதலில் கண்ணில் பட்டது அந்தச் சக்கரம். வெப்சைட் செய்தவர், வந்தவுடன் ஒரு பரிசுச் சக்கரம் சுற்றுவது போல வைத்திருந்தார். "சுற்றுங்கள், தள்ளுபடி வெல்லுங்கள்" என்று வரும். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஓரமாக நிற்கும். செல்போனில் முழுத் திரையையும் மூடிக்கொள்ளும். மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. ஜனங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள், விரல் படவில்லை, வெளியே போய்விடுகிறார்கள். ஒரே இடத்தில் படபடவென்று பலமுறை தட்டினால் கிளாரிட்டி அதை ரேஜ் கிளிக் என்று தனியாகப் பிரித்துக் காட்டும். எங்கள் ரேஜ் கிளிக் பட்டியலில் பாதிக்கு மேல் அந்தப் பெருக்கல் குறிதான். எங்களிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் வருகிறார்கள். வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலைக் குறுக்கே போட்டுவிட்டு, ஏன் யாரும் உள்ளே வரவில்லை என்று கேட்டிருக்கிறோம். அன்று ராத்திரியே அந்தச் சக்கரத்தை எடுத்தேன்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டெட் கிளிக் என்று ஒரு பட்டியல் உண்டு. தொட்டும் ஒன்றும் நடக்காத இடங்கள். அதில் எங்கள் பொம்மைப் படங்கள் வரிசையாக வந்தன. ஹீட்மேப்பைத் திறந்து பார்த்தால், தசாவதார செட் படத்தில் சிவப்பாக இருந்தது முகங்கள். கிருஷ்ணர் முகம், ராமர் முகம், நரசிம்மர் முகம். பாதத்தையோ பீடத்தையோ யாரும் தொடவில்லை. படத்தைத் தொட்டால் பெரிதாகும் என்று நினைத்து முகத்தைத் தொட்டிருக்கிறார்கள். அது பெரிதாகவில்லை.

இதை மாமாவிடம் காட்டினேன். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்.

"கண்ணு தெறந்துருக்கான்னு பாக்குறாங்க ஆத்தா. கடையிலயும் அப்படித்தானே. எடுத்த உடனே மூஞ்சியத்தானே பாப்பாங்க."

எங்கள் வீட்டில் பொம்மைக்குக் கண் எழுதுவது கடைசி வேலை. மாமா மட்டும்தான் எழுதுவார். காலையில் குளித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்து எழுதுவார். ஒரு செட்டின் விலையே அந்தக் கண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். அதை நாங்கள் வெப்சைட்டில் காட்டவே இல்லை. பத்து பொம்மையையும் தூரத்தில் நிற்க வைத்து ஒரே படம் எடுத்துப் போட்டிருந்தோம். அப்புறம் ஒவ்வொரு செட்டுக்கும் முகத்தை மட்டும் கிட்டத்தில், காலை வெளிச்சத்தில் படம் எடுத்தேன். தொட்டால் பெரிதாகும்படி மாற்றினேன். தசாவதார செட்டுக்கு ஆர்டர் கூடியது அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, உயரம். நிறையப் பேர் ஒரே பக்கத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தார்கள். எதையோ தேடுகிறார்கள் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், பொம்மையின் உயரம் "கூடுதல் தகவல்" என்ற மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்துத் திறந்தவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. கொலு வைப்பவருக்கு உயரம்தான் முதல் கேள்வி. மூன்று படி, ஐந்து படி, ஏழு படி என்று வைப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் மூன்று படிக்குத்தான் இடம் இருக்கும். படிக்குப் படி இடைவெளி எவ்வளவோ அதற்குள் பொம்மை நிற்க வேண்டும். 10 அங்குலம் என்று தெரியாமல் யார் 3,200 ரூபாய் கொடுப்பார்கள்?

உயரத்தை விலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அதோடு, எண்ணாக எழுதினால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். டம்ளர் வைத்துப் படம் எடுக்கலாமா என்று யோசித்தபோது அத்தைதான் சொன்னார்கள், தேங்காய் வை என்று. கொலுவில் கலசத்துக்குத் தேங்காய் வைப்பவர்களுக்குத் தேங்காய் எவ்வளவு பெரிது என்று சொல்லித் தரவேண்டியதில்லை. இப்போது எங்கள் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு படத்தில் பக்கத்தில் தேங்காய் இருக்கும். "எவ்வளவு உசரம் வரும்?" என்று கேட்டு வரும் வாட்ஸ்அப் ஏறக்குறைய நின்றுவிட்டது.

நான்காவது, அனுப்பும் செலவு. இதில் நாங்கள் செய்தது தப்பு என்றே சொல்வேன். முகவரி, பின்கோடு எல்லாம் போட்டு முடித்த பிறகு, பணம் கட்டும் பக்கத்தில்தான் 420 ரூபாய் என்று வரும். அங்கே வந்ததும் விரல் நிற்பதை ரெக்கார்டிங்கில் பார்க்கலாம். நான்கு விநாடி, ஐந்து விநாடி ஒன்றும் அசையாது. பிறகு திரும்பிப் போய்விடுவார்கள். டென்மார்க்கில் பேமார்ட் என்று ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆன்லைன் கடைகளில் கூடையில் பொருளைப் போட்டவர்களில் சராசரியாக 70 சதவீதம் பேர் வாங்காமல் போகிறார்கள் என்று அவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டால், முதல் காரணம் இப்படிக் கடைசியில் ஏறும் செலவு. கணக்கு தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் பெரிய காரணங்களில் ஒன்று. எங்களிடம் அந்த இரண்டும் இருந்தன. இப்போது அனுப்பும் செலவு பொம்மையின் பக்கத்திலேயே தெரியும், தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு என்று. கணக்கு தொடங்காமலே வாங்கலாம். விலையைக் குறைக்கவில்லை. முதலிலேயே சொன்னோம், அவ்வளவுதான்.

வேகமும் ஒன்று. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் முக்கியமான படம் 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. கிளாரிட்டியும் இதைக் காட்டும். எங்களுடையது செல்போனில் ஏழு விநாடி. காரணம், நான் போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தேன், ஒவ்வொன்றும் 4 எம்பி. 150 கேபிக்குச் சுருக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

இவ்வளவும் கிளாரிட்டி காட்டிக் கொடுத்தது. இனி அது காட்டாததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு ஆர்டரைக் கூட்டிய பெரிய மாற்றம் அதில்தான் இருக்கிறது.

மேலே சொன்னதையெல்லாம் சரி செய்த பிறகும் 2024 செப்டம்பரில் ஒரு கூட்டம் பணம் கட்டும் பக்கம் வரை வந்து திரும்பிக்கொண்டே இருந்தது. செலவு முன்பே தெரியும், உயரம் தெரியும், முகம் பார்த்தாயிற்று. பிறகு ஏன்? பத்து ரெக்கார்டிங், இருபது ரெக்கார்டிங் பார்த்தேன். விரல் நிற்கிறது, போகிறது. காரணம் தெரியவில்லை. கருவி விரலைக் காட்டும், மனதைக் காட்டாது.

அப்போது கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நாற்பது வருடமாகக் கொலு வைப்பவர். அவர் கேட்டது இது.

"ஏம்மா, வர்ற வழியில ஒடஞ்சு போச்சுன்னா நான் என்னங்க பண்றது? மூளியான பொம்மையக் கொலுவுல வெக்கக்கூடாதுங்களே. அமாவாசைக்கு அப்புறம் நீங்க வேற அனுப்பி எனக்கு என்ன பிரயோஜனம்?"

இரண்டு கேள்வி. உடையாமல் வருமா, நாளுக்கு வருமா. எங்கள் வெப்சைட்டில் எந்த மூலையிலும் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை. "பாதுகாப்பான டெலிவரி" என்று ஒரு வண்டிப் படம் மட்டும் இருந்தது. அது யாருக்கு என்ன சொல்லும்?

உடைந்தால் என்ன செய்வோம் என்று எழுதலாம் என்றேன். மாமாவுக்கு அது சரியாகப் படவில்லை.

"ஒடையும்னு நாமளே சொல்லலாமா? கேக்காதவனுக்கும் அந்த நெனப்பு வந்துருமே."

"கேக்காதவங்க யாரும் இல்ல மாமா. கேக்காமயே திரும்பிப் போறாங்க. இந்தா பாருங்க, எத்தன பேரு."

ரெக்கார்டிங்கை வரிசையாகப் போட்டுக் காட்டினேன். ஆறேழு பார்த்தார். பதில் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் ஒரு தசாவதார செட்டை எடுத்து, வழக்கம் போல வைக்கோலும் பேப்பரும் வைத்துக் கட்டி, திண்ணையில் ஏறி நின்றுகொண்டு, "வீடியோ எடு" என்றார். பெட்டியைக் கீழே போட்டார். பிரித்துப் பார்த்தால் வாமனர் குடை உடைந்திருந்தது. அந்த வீடியோவை வெளியே விடவில்லை. ஆனால் அன்றுதான் நாங்கள் கட்டும் முறையையே மாற்றினோம். ஒவ்வொரு பொம்மைக்கும் தனி அட்டை அறை, பெட்டிக்குள் பெட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் குடைக்கும் சங்குக்கும் சக்கரத்துக்கும் தனியாகப் பஞ்சு. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஐந்தாவது பெட்டி உடையாமல் வந்தது. அதன் பிறகு இரண்டு முறை போட்டும் உடையவில்லை. அந்த வீடியோவைத்தான் போட்டிருக்கிறோம், 50 விநாடி. மாமா திண்ணையில் நிற்பதும் தெரியும், பெட்டி விழும் சத்தமும் கேட்கும்.

அதன் கீழே நேராக எழுதினோம்: உடைந்து வந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அந்தப் பொம்மையை மட்டும் எங்கள் செலவில் இரண்டு நாளுக்குள் மாற்றி அனுப்புகிறோம். 2025இல் நவராத்திரி செப்டம்பர் 22 தொடங்கியது, மகாளய அமாவாசை 21. அதனால் ஒவ்வொரு பொம்மைப் பக்கத்திலும் "செப்டம்பர் 8க்குள் ஆர்டர் செய்தால், ஏதாவது உடைந்து மாற்றி அனுப்ப வேண்டியிருந்தாலும் அமாவாசைக்கு முன் வந்து சேரும்" என்று போட்டோம். 8ஆம் தேதிக்குப் பிறகு அந்த வரியை மாற்றினோம், 15க்குப் பிறகு வெளி மாநில ஆர்டரையே நிறுத்தினோம். கையில் வந்த காசை விட்டோம் என்று கொழுந்தனாருக்கு வருத்தம். ஆனால் கொலு முடிந்து போய்ச் சேரும் பொம்மையை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 சீசனில் 4,600 பேர் வந்தார்கள், ஆர்டர் 52. வீடியோ போட்டது அந்த சீசனின் கடைசியில்தான். 2025 சீசனில் 5,200 பேர், ஆர்டர் 94. ஆயிரத்துக்கு ஐந்தாறாக இருந்தது பதினெட்டு ஆகியிருக்கிறது. இதில் போன வருடம் வாங்கித் திரும்ப வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களையும் வெப்சைட்டே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்துக்கு இந்த இரண்டு வருடமும் ஒரு ரூபாய் செலவு செய்யவில்லை. உடைந்தது என்று வந்த புகார் 2025இல் ஆறு. ஆறு பேருக்கும் மாற்றி அனுப்பியாயிற்று. கோயம்புத்தூர் அம்மா அந்த வருடம் கல்யாண செட்டும் வாங்கினார்.

இனி கிளாரிட்டியின் குறைகள். இலவசம் என்பதால் பேசாமல் விட முடியாது.

எங்களைப் போல வருடத்தில் இரண்டு மாதம் வியாபாரம் செய்பவர்களுக்கு முக்கியமானது, ரெக்கார்டிங் சாதாரணமாக 30 நாள்தான் இருக்கும். நவராத்திரி முடிந்து கொஞ்சம் ஓய்வாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று 2024இல் நினைத்தேன். நவம்பரில் திறந்தால் செப்டம்பர் ரெக்கார்டிங் பெரும்பாலும் இல்லை. பிடித்தது (ஃபேவரிட்) என்று குறி போட்டு வைத்தால், அல்லது லேபிள் கொடுத்தால் 13 மாதம் வரை வைத்திருப்பார்கள். அதனால் இப்போது சீசன் நேரத்தில் தினமும் ராத்திரி ஐந்து ரெக்கார்டிங் பார்க்கிறேன். முக்கியமானதற்குக் குறி போடுகிறேன். அடுத்த ஆவணியில் வேலை தொடங்கும்போது அது கையில் இருக்கும்.

வீட்டு ஆட்கள் நடமாட்டமும் கணக்கில் சேர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் ஆர்டர் வந்ததா என்று தினமும் இருபது முறை திறந்து பார்ப்பார். முதல் மாதத்து ஹீட்மேப்பில் அவர் விரலும் இருந்தது. செட்டிங்ஸில் போய் வீட்டு ஐபி முகவரியை, அதாவது வீட்டு இன்டர்நெட் இணைப்பின் எண்ணைத் தடுத்துவிடுங்கள், முதல் நாளே.

வாட்ஸ்அப்பிலும் போனிலும் முடியும் வியாபாரம் இதில் வராது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பங்கு. 2025இல் 94 ஆர்டர் போக, வாட்ஸ்அப்பில் 61. வெப்சைட்டில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் "இருக்கா?" என்று கேட்டு வாங்குபவரைக் கருவி, வாங்காமல் போனவர் என்றுதான் காட்டும். அதனால் ஒவ்வொரு பொம்மைக்கும் எண் கொடுத்து, வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டால் "வணக்கம், 114ஆம் எண் பொம்மை பற்றிக் கேட்க வேண்டும்" என்று தானாக வரும்படி இணைப்பு வைத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். அதை நோட்டில் எழுதிக் கூட்டிக்கொள்கிறேன். கருவியின் எண்ணையும் நோட்டின் எண்ணையும் சேர்த்தால்தான் உண்மையான கணக்கு.

இரண்டு மாதிரிப் பக்கம் வைத்து எது நன்றாக விற்கிறது என்று சோதிக்கும் ஏ/பி டெஸ்ட் வசதி கிளாரிட்டியில் கிடையாது. கூகுள் ஆப்டிமைஸ் என்று ஒன்று இலவசமாக இருந்தது, அதை 2023 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. காரணம் சொல்கிறேன். பட்டன் நிறத்தைப் பச்சையாக்கிப் பாருங்கள், ஆரஞ்சாக்கிப் பாருங்கள் என்று பலர் யோசனை சொன்னார்கள். எங்கள் கணக்கில், ஆயிரத்துக்கு ஆறு பேர் வாங்குவது ஒன்பதாக உயர்ந்ததா என்று நம்பிக்கையோடு சொல்ல, பக்கத்துக்குக் குத்துமதிப்பாக 13,000 பேர் வந்து போக வேண்டும். இரண்டு பக்கத்துக்கு 26,000 பேர். எங்களுக்கு வருவது சீசனுக்கு ஐயாயிரம். ஐந்நூறு பேரில் மூன்று பேர் வாங்கினால் ஒரு நிறம், ஐந்து பேர் வாங்கினால் இன்னொரு நிறம் என்று முடிவு கட்டுவது பூவா தலையா போடுவதற்குச் சமம். சிறு கடைக்காரர்கள் இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். பெருக்கல் குறியில் விரல் படவில்லை என்பதற்கு டெஸ்ட் தேவையில்லை, ஒரு ரெக்கார்டிங் போதும்.

ஹீட்மேப்புக்கும் இதே எச்சரிக்கைதான். ஒரு பக்கத்துக்கு முப்பது நாற்பது பேர் மட்டும் வந்திருந்தால் அந்த நிறத்தை நம்ப வேண்டாம். இருநூறு முந்நூறு சேரும் வரை பொறுங்கள், அதுவரை ரெக்கார்டிங் பாருங்கள்.

யார் போடலாம் என்று கேட்டால், நாளுக்கு இருபது முப்பது பேராவது வெப்சைட்டுக்கு வருகிறார்கள், வாங்குவது குறைவு என்றால் கண்டிப்பாகப் போடுங்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன்பு போடுங்கள். ஆளே வரவில்லை என்றால் இது உதவாது, பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. சுங்குடிச் சேலை விற்கும் தோழி ஒருத்திக்குப் போட்டுக் கொடுத்தேன். அவள் வெப்சைட்டில் எல்லோரும் முந்தானைப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் மடித்து வைத்த சேலையைத்தான் படம் எடுத்திருந்தாள். இப்போது விரித்துப் படம் எடுக்கிறாள்.

ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரை குறைத்தது அந்த 30 நாளுக்காக.

இப்போது குடில் செட் சீசன். போன வாரத்திலிருந்து ஒன்றைக் கவனிக்கிறேன். குடில் செட் பக்கத்தில் மரியாள், சூசையப்பர், குழந்தை இயேசு வரை பார்த்துவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். மாமாவிடம் கேட்டேன். "ஆடு தனியா வேணும்னு பாக்குறாங்களோ என்னவோ, வருஷா வருஷம் ஆட்டுக் காலுதானே மொதல்ல ஒடையும்" என்றார். உதிரியாக ஆட்டுக்குட்டி நான்கு 160 ரூபாய் என்று நேற்று ராத்திரி ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். காலையிலிருந்து இரண்டு ஆர்டர் வந்திருக்கிறது. மாமா ஆட்டுக்குக் கண் எழுதிக்கொண்டிருக்கிறார்.